ஏழாவது கட்டம்

தருமபுரி மாவட்ட விளையாட்டரங்கு.
பந்தலுக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, நான்.
படிவங்கள் பறந்துவிடாமலிருக்க
அவற்றின் மேல் ஒரு நான்கு கிலோ இரும்புக் குண்டு.

பெயர், வயது, ஊர், போட்டி, நேரம், இடம்.
ஏழாவது கட்டம் இந்த வருடம் புதிது.
வெற்றிக்குக் காரணம்.
நான்கு விரல் அகலம்.

பாலக்கோடு யஷ்வந்த், பதினேழு, இருநூறு மீட்டர்.
கேட்டு முடிக்கவில்லை நான்.
"நான்தான்க்கா."
தொடையைத் தட்டிக் காட்டினான்
அதைக் கட்டத்துக்குள் ஒட்டலாம் என்பதுபோல.
விடிகாலை நாலரைக்கு
தக்காளி லாரிகளை விரட்டிக்கொண்டு ஓடுவானாம்.
எழுதினேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று
எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

மொரப்பூர் பொன்மலர், அதே பதினேழு, அதே தூரம்.
"பக்கத்துல ஓடுன பொண்ணு தடுக்கிட்டாக்கா."
யாரும் தடுக்கவில்லை.
கோட்டருகே கடிகாரத்தோடு நின்றவள் நான்.
"வளைவுலயே நீ தாண்டிட்டியே."
"அப்ப... காத்து பின்னாடி இருந்து அடிச்சுதோ என்னவோ."
தொப்பூர்க் கணவாயிலிருந்து கிளம்பிய காற்று
எட்டுப் பேரில் இவளை மட்டும்
பார்த்துத் தள்ளியிருக்கிறது.
கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

ஒன்பது வயது நிதின் தெளிவாக இருந்தான்.
காலையில் இரண்டு முட்டை.
ஒரு முட்டை தின்ற அவன் அண்ணன்
இரண்டாமிடம்.

தீர்த்தகிரி, அறுபத்தெட்டு, மின்வாரிய ஓய்வு,
ஐந்து கிலோமீட்டர் நடை.
"மூணு பேர் பேர் கொடுத்தோம்மா.
ஒருத்தனுக்கு முட்டி.
ஒருத்தனுக்குப் போன புதன் கருமாதி."
சொல்லிவிட்டுப் பதக்கத்தைக்
கண்ணாடித் துணியால் துடைத்தார்.

நடுவில் குண்டை எடுத்துப் போய்விட்டார்கள்.
தண்ணீர் பாட்டிலை வைத்தேன், காகிதங்கள் நனைந்தன.
அரை மணி கழித்து
குண்டைத் தானே தூக்கிவந்து
பழைய இடத்தில் வைத்தவர் மாதம்மாள்,
நாற்பத்தொன்று, காரிமங்கலம்,
மாங்கூழ் ஆலையில் கூடை இறக்குகிறவர். முதலிடம்.
"வீட்டுக்காரர் விட்டாருங்க, அதான்."
வாசலில் மனைவியின் பையோடு நின்றிருந்த வீட்டுக்காரர்
அவசரமாகத் தலையாட்டினார்:
"நான் எங்க விட்டேன்? அதுவே பஸ் ஏறிடுச்சு,
பின்னாடி நான் வந்தேன்."

தோற்றவர்களுக்குப் படிவம் கிடையாது.
இருந்தாலும் வந்தார்கள்.
விசில் கேட்கவில்லை. சுண்ணாம்புக் கோடு கோணல்.
பென்னாகரம் கபடி அணியின் ஏழு பேருக்கும்
நடுவர் ஒருவரே காரணம்.
கடைசியாக ஒரு பெண், எட்டாமிடம்,
ஊர் கேட்கவில்லை நான்,
தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள்,
"நான்தான்க்கா."

காலையில் கேட்ட அதே சொல்.
அதே ஒரு சொல்.

தொண்ணூற்றேழில் அரூரில்
எண்ணூறு மீட்டரில் நான் ஜெயித்தபோது
செய்தித்தாள்காரர் கேட்டார்.
எல்லாம் எங்கள் பி.டி. சாரால்தான் என்றேன்.
அச்சில் வந்தது. அம்மா வெட்டி வைத்தாள்.
சாருக்கு அன்று காய்ச்சல்.
அரூருக்கே அவர் வரவில்லை.
முந்தைய ஆறு மாதமும்
எங்களைப் பந்து பொறுக்கத்தான் விட்டிருந்தார்.

ஐந்து மணி. பந்தலைப் பிரிக்கிறார்கள்.
ஒலிபெருக்கி யாருடைய சாவியோ
கிடைத்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.
பொன்மலரின் படிவத்தை எடுத்தேன்.
இருபத்தாறு புள்ளி நான்கு நொடி.
ஏழாவது கட்டத்தில் எழுதினேன்:
ஓடினாள்.

மூன்று விரல் இடம் மிச்சம்.
நாளை அதிகாரி கூப்பிட்டுக் கேட்பார்,
இதெல்லாம் ஒரு காரணமா என்று.
என்ன சொல்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.